துருசின் திறப்பு

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில் பம்பைமடுவைத் தாண்டி மேற்கே சென்றால் பூவரசங்குளம் வரும். மரமும் நீரும் சேர்ந்து பெயராகிவிட்ட ஊர். வன்னிப் பெருநிலத்தின் ஏனைய ஊர்களைப் போல இங்கும் வாழ்க்கை குளத்தைச் சுற்றியே அமைந்தது. குளத்துக்கு அணைக்கட்டு, அணைக்கட்டுக்குத் துருசு, துருசுக்குத் திறப்பு. மாரிமழை கொட்டிக் குளம் வான் பாய்ந்தாலும், அந்தத் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதை அறியாமல் எந்தக் கமக்காரனும் சிறுபோகத்துக்கு விதைக்கத் துணியமாட்டான். நாம் இங்கே எழுத வந்தது நீர்ப்பாசனத்தின் சரித்திரமன்று. கணினியை வெளியுலகத்தோடு இணைக்கும் சின்னஞ்சிறு அட்டை ஒன்றின் சரித்திரம். ஆயினும் வாசகர்கள் துருசையும் திறப்பையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் விஷயங்கள் எளிதில் விளங்கும்.

2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் தேதியோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11, 'டி.பி.எம். 2.0' எனப்படும் பாதுகாப்பு அமைப்பும் குறிப்பிட்ட சில செயலிகளும் இல்லாத யந்திரங்களை முறைப்படி ஏற்பதில்லை. எனவே நேற்றுவரை நல்லபடி வேலை செய்த எத்தனையோ கணினிகள் பழுதாகாமலே பழையனவாகிவிட்டன. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பழைய மடிக்கணினிகளை நம்பிப் பிள்ளைகள் படிக்கும் கிராமங்களில் இதன் விளைவு என்ன என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி வந்து சேர்ந்த ஒரு கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் முயற்சியைப் பூவரசங்குளத்து வீடொன்றின் விறாந்தையில் அமர்ந்து நாம் பார்த்திருந்தோம்.

நிறுவியவள் கணினி பயிலும் ஊர்ப்பெண். திரை ஒளிர்ந்தது, ஒலி வந்தது, தமிழ் எழுத்துகள் பிழையின்றித் தெரிந்தன. கம்பியில்லா வலையிணைப்பு மட்டும் வரவில்லை. அட்டை உள்ளே இருக்கிறது. மின்சாரம் அதற்குப் போகிறது. அதன் பெயரையும் எண்ணையும் கணினி சரியாகவே சொல்கிறது. ஆனால் அது அசைய மறுக்கிறது.

"இந்த அட்டைக்கு ஆதரவு இல்லையாம், அம்மப்பா" என்றாள் அவள்.

பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவர் தலை நிமிர்ந்தார். "காசு குடுத்து வாங்கின சாமானெல்லே, பிள்ளை? அதை வேலை செய்ய வைக்க இன்னொருத்தன்ர உத்தரவு எதுக்கு?"

அவருக்கு இப்படிக் கேட்கும் தகுதி உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடபகுதியின்மீது விழுந்த பொருளாதாரத் தடை, மின்கலத்தையும் எரிபொருளையும் அரும்பொருளாக்கியது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிக்க வைத்தார்கள். வானொலி செய்த கம்பெனி டைனமோவுக்கு 'ஆதரவு' அறிவித்திருக்கவில்லை. அதை யாரும் எதிர்பார்க்கவுமில்லை. வானொலிக்கு எத்தனை வோல்ட் வேண்டும், நேர்முனை எது, எதிர்முனை எது என்பன பின்மூடியைத் திறந்தவனுக்கெல்லாம் தெரியும் அறிவாக இருந்தன. அறிவு வெளியே கிடந்தது. உழைப்பை மட்டும் இட்டால் போதுமாயிருந்தது.

வலை அட்டையின் கதை வேறு. அதன் சில்லினுள்ளே எண்களை எழுதவும் படிக்கவும் கூடிய சிறு அறைகள் ஏராளம் உண்டு, பதிவகங்கள் என்பர். எந்த அறையில் எந்த எண்ணை எழுதினால் அலைவரிசை மாறும், எதில் எழுதினால் அனுப்பும் வலு கூடும், செய்தி வந்து சேர்ந்ததும் எந்த அறையில் அடையாளம் விழும் என்பவற்றையெல்லாம் அறிந்து, அவ்வறைகளை ஒழுங்குமுறைப்படி இயக்கும் நிரலே 'டிரைவர்' எனப்படுவது. தமிழில் இயக்கி என்கிறோம். அறைகளின் அட்டவணை கம்பெனியின் பெட்டகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக் கம்பெனி விண்டோசுக்கு ஓர் இயக்கியை எழுதித் தருகிறது. வேறோர் இயங்குதளத்தை நாடுபவனுக்கு இயக்கியும் இல்லை, அட்டவணையும் இல்லை. பொருளை விற்றோம், பொருளைப் பற்றிய அறிவை விற்கவில்லை என்பது அவர்களது நியாயம். 'ஆதரவு இல்லை' என்ற சொற்றொடர், ஏதோ அட்டையின் பிறவிக் குறைபோல ஒலிக்கிறது. உண்மையில் அது ஒரு முதலாளியின் தீர்மானம்.

இந்தப் பூட்டு கணினியோடு கூடப் பிறந்ததன்று. கணினிகள் அறை நிறையப் பெருத்திருந்த காலத்தில் யந்திரத்தோடு அதன் மூலநிரலும் கைமாறுவது சாதாரணம். பல்கலைக்கழகங்களில் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவது வழக்கம். 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்து ஆய்வுகூடம் ஒன்றுக்கு செரொக்ஸ் கம்பெனியின் லேசர் அச்சு யந்திரம் வந்து சேர்ந்தது. முன்பிருந்த அச்சு யந்திரத்தில் காகிதம் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் நிரலை மாற்றி அமைத்திருந்தார். புதிய யந்திரத்துக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார், மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரைத் தேடிச் சென்று கேட்டபோது, 'வெளியிடமாட்டேன் என்று கையெழுத்திட்டுவிட்டேன்' என்ற வகையில் மறுப்புக் கிடைத்தது. ஓர் ஆய்வாளன் இன்னோர் ஆய்வாளனுக்கு அறிவைத் தரமறுக்கும்படி ஒரு காகிதம் செய்துவிட்டது. 1983 செப்டெம்பர் 27 ஆம் தேதி ஸ்டால்மன் அறிவித்த 'குனூ' திட்டத்துக்கும், அதன் வழியே எழுந்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் பின்னணியில் இந்த அனுபவம் இருந்தது. ஆக, அவ்வியக்கம் கருக்கொண்டதே ஒரு சாதனத்தின் இயக்கி பற்றிய சச்சரவில்தான்.

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் பற்றிய அறிவிப்பை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஃபிரீ பி.எஸ்.டி., நெட் பி.எஸ்.டி., ஓப்பன் பி.எஸ்.டி. முதலிய சகோதர இயங்குதளங்களும் தலையெடுத்தன. அக்காலத்து வலை அட்டைகள் கம்பிவழி இயங்குபவை. அவற்றில் பலவற்றுக்கு அடிப்படையான சில்லுகளின் விவரக்குறிப்புகள் அச்சில் கிடைத்தன. 'என்.ஈ. 2000' வகை மலிவு அட்டைகளை எத்தனையோ உற்பத்தியாளர் பிரதிசெய்து விற்க முடிந்ததும், அவற்றுக்குத் தொண்டர்கள் இயக்கி எழுத முடிந்ததும் இதனாலேயே. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கோடார்ட் நிலையத்தில் பணியாற்றிய டொனால்ட் பெக்கர், லினக்சுக்காக ஏராளமான வலை அட்டை இயக்கிகளை எழுதிக் குவித்தார். அவரும் தோமஸ் ஸ்டெர்லிங்கும் 1994 இல் பதினாறு சாதாரணச் செயலிகளை மலிவான வலை அட்டைகளால் பிணைத்து 'பேவுல்ஃப்' என்னும் கூட்டுக்கணினியை உருவாக்கினர். பெரும்பணம் கேட்ட மகாகணினிகளின் வேலையைச் சந்தைச் சரக்குகளைச் சேர்த்தே செய்யலாம் என்பது அதனால் வெளியாயிற்று. திறப்பு பொதுவில் கிடந்த காலத்தின் விளைச்சல் இது.

கம்பியில்லா அட்டை வந்ததும் நிலைமை மாறியது. 2003 அளவில் மடிக்கணினிகளில் வைஃபை பரவலாகியபோது, பெரும் சில்லு உற்பத்தியாளர்கள் பலர் அட்டவணையைத் தர மறுத்தனர். பிராட்கொம் கம்பெனி அவர்களில் முதன்மையானது. காரணங்கள் இரண்டு கூறப்பட்டன. போட்டியாளர் நம் இரகசியத்தை அறிந்துவிடுவர் என்பது ஒன்று. வானலை அரசாங்கங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, அட்டவணை வெளியானால் யாரும் விதியை மீறிய அலைவரிசையில், விதியை மீறிய வலுவில் ஒலிபரப்பிவிடுவர் என்பது மற்றது. இரண்டாவதை முழுப் பொய் என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை; வானலை பொதுச்சொத்து, அதற்குக் காவல் வேண்டியதுதான். ஆனால் அதே வகை அட்டைகளைப் பின்னாளில் அதே கம்பெனிகள் திறந்துவிட்டபோது வானம் இடிந்து விழவில்லை என்பதையும் சரித்திரம் பதிந்து வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சுவையான நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வலையைப் பகிர்ந்தளிக்கும் 'டபிள்யூ.ஆர்.டி. 54ஜி' என்ற ரூட்டரை லின்க்சிஸ் கம்பெனி 2002 இறுதியில் சந்தைக்கு விட்டது. உள்ளே இருந்தது பிராட்கொம் சில்லு. 2003 நடுப்பகுதியில் அதன் நிரலை ஆராய்ந்த சிலர் திடுக்கிட்டனர். பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது லினக்ஸ்! லினக்சைப் பயன்படுத்தவும் மாற்றவும் விற்கவும் எவருக்கும் உரிமை உண்டு. ஒரே நிபந்தனை, விற்பவர் மூலநிரலையும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனை அங்கே மறக்கப்பட்டிருந்தது. அதாவது, ஊர்கூடி உழுத வயலின் நெல்லை வண்டியேற்றிச் சென்றவர்கள், அதே ஊரார் ஒரு வாய்க்கால் நீர் கேட்டபோது துருசைப் பூட்டி வைத்திருந்தார்கள்! கண்டனம் எழுந்தது. அவ்வாண்டே சிஸ்கோவின் கையில் சேர்ந்துவிட்ட லின்க்சிஸ், மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004 இல் 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' என்னும் மக்கள் திட்டம் பிறந்து, இன்று நூற்றுக்கணக்கான வகை ரூட்டர்களுக்கு மறுவாழ்வு தந்து வருகிறது. ஆனால் கம்பியில்லா அட்டையை இயக்கும் பகுதி மட்டும் யந்திரமொழியில் மூடப்பட்ட பொதியாகவே நின்றது.

பூட்டிய கதவின் முன் நின்றவர்கள் ஒரே வழியில் செல்லவில்லை. விண்டோசுக்கென்று எழுதிய இயக்கியையே ஏமாற்றி லினக்சுக்குள் ஓடவிட்டால் என்ன என்று ஒரு சாரார் எண்ணினர். விண்டோஸ் இயக்கி எதிர்பார்க்கும் சூழலைப் போலியாகக் கட்டிக்கொடுக்கும் 'என்டிஸ் ராப்பர்' இவ்வாறு 2003 இல் பொன்டஸ் ஃபுக்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டு, பின்னர் கிரிதர் பெம்மசானியின் உழைப்பில் வளர்ந்தது. ஃபிரீ பி.எஸ்.டி.யில் பில் போல் அதே காலத்தில் இதே தந்திரத்தைச் செய்து, அதற்குத் தாமே 'தீய திட்டம்' என்று பொருள்படப் பெயரிட்டார். தம் படைப்பைப் பற்றி இவ்வளவு நேர்மையான பெயரைச் சூட்டியவர்கள் உலகில் குறைவு. அவசரத்துக்கு இது உதவியது. எத்தனையோ ஏழை மாணவரின் மடிக்கணினி இதனால் உயிர்பெற்றது. ஆயினும் உள்ளே என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பிழை வந்தால் திருத்த வழியில்லை.

கனடாவிலிருந்து தியோ டி ராட் நடத்திய ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் இதற்கு நேர்மாறான பாதையில் நின்றனர். மூடிய பொதி எதையும் ஏற்கமாட்டோம், இரகசியம் காப்போம் என்று எந்தக் கம்பெனிக்கும் கையெழுத்திடமாட்டோம் என்று அடம்பிடித்தனர். பயனாளரைத் திரட்டிக் கம்பெனிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதவைத்தனர். தைவானின் ராலிங்க் போன்ற சிறிய உற்பத்தியாளர் விவரங்களைத் தந்தனர். அமெரிக்கப் பெருங்கம்பெனிகள் அசைய மறுத்தன. அவர்களின் முரட்டுத்தனம் நண்பர்களையும் சில வேளை புண்படுத்தியது. இருந்தும், கதவு திறக்கும்வரை தட்டிக்கொண்டிருக்க யாராவது வேண்டுமென்றே நாம் கருதுகிறோம்.

மிகக் கடினமான பாதை மூன்றாவது. பிராட்கொம் சில்லின் அட்டவணையை இல்லாமையிலிருந்தே மீட்டெடுப்பது! கம்பெனியின் மூடிய இயக்கியை உடைத்துப் பார்த்து அதையே நகலெடுத்தால் பதிப்புரிமைச் சட்டம் பாயும். ஆகவே தொண்டர்கள் இரு அணிகளாகப் பிரிந்தனர். ஜோசஃப் ஜெசாக் முதலியோர் அடங்கிய ஓர் அணி மூடிய நிரலை வரிவரியாக ஆராய்ந்து, 'இந்த அறையில் இந்த எண்ணை எழுதுகிறது. பிறகு இவ்வளவு நேரம் காத்திருக்கிறது. பிறகு அந்த அறையைப் படிக்கிறது' என்று சாதாரண வாக்கியங்களில் குறிப்பு எழுதிற்று. மிஷேல் பூஷ், மார்ட்டின் லாங்கர், ஸ்டெஃபானோ பிரிவியோ முதலியோரின் மற்ற அணி மூலப்பொருளைக் கண்ணாலும் காணாமல், அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிய இயக்கியை எழுதிற்று. நடுவே ஒரு சுவர். சுவரைத் தாண்டி அறிவு மட்டும் போகலாம், நகல் போகக் கூடாது. கம்பெனி ஒரு பிற்பகலில் அனுப்பியிருக்கக்கூடிய ஆவணத்துக்காக, வெவ்வேறு இடங்களில் இருந்தவர்கள் தம் இரவுகளைச் செலவிட்டார்கள். 2005 டிசெம்பரில் தம் இயக்கி வேலை செய்வதாக அவர்கள் அறிவித்தார்கள். 2006 ஜூனில் வெளியான லினக்ஸ் 2.6.17 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது.

இதன் பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2007 தொடக்கத்தில் கிரெக் குரோ-ஹார்ட்மன், எந்தக் கம்பெனி விவரம் தந்தாலும் அதற்கு இலவசமாக இயக்கி எழுதித் தருவோம் என்று லினக்ஸ் நிரலர் சார்பில் பகிரங்கமாக அறிவித்தார். 2008 ஜூலையில் அதெரோஸ் கம்பெனி தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியைத் தானே வெளியிட்டது. 2010 செப்டெம்பரில் பிராட்கொம் கம்பெனியும் அதே வழிக்கு வந்தது. மனம் மாறியதோ, சந்தை மாறியதோ நாம் அறியோம். சேவைக்கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் லினக்ஸ் புகுந்துவிட்ட பின்னர் அதை ஒதுக்கிவைப்பது இலாபகரமாக இல்லை என்பதை எந்தக் கணக்காளரும் சொல்லியிருப்பார்.

ஆனால் பூட்டு முற்றாக அகலவில்லை, இடம்பெயர்ந்தது. இன்றைய அட்டைகள் பலவற்றின் உள்ளே தனியே ஒரு சிறு செயலி இருக்கிறது. அதற்கென்று நிலைபொருள் எனப்படும் ஒரு நிரல், ஒவ்வொரு முறை கணினி விழிக்கும்போதும் ஏற்றப்பட வேண்டும். இயக்கி பொதுச்சொத்தாயினும் நிலைபொருள் கம்பெனியின் சொத்து. சில கம்பெனிகள் அதை இலவசமாகப் பரப்ப அனுமதி தருகின்றன, சில தருவதில்லை. அனுமதியில்லாதபோது, கம்பெனியின் சொந்த இயக்கியைப் பதிவிறக்கி, அதன் வயிற்றிலிருந்து நிலைபொருளை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இத்தாலியில் பிரெஷியா பல்கலைக்கழகத்தவர் 2009 இல் சில பிராட்கொம் சில்லுகளுக்குத் திறந்த நிலைபொருளையே எழுதிக் காட்டினர். அது விதிவிலக்கு. பொதுவான நிலைமை என்னவெனில், வலைக்குள் புகுவதற்கான கோப்பு வலைக்குள்ளேதான் கிடக்கிறது! கொள்கைப் பிடிப்புக்குப் பேர்போன டெபியன் அமைப்பினர் இதுபற்றிப் பல ஆண்டுகள் விவாதித்து, 2022 இல் வாக்கெடுத்து, பரப்ப அனுமதியுள்ள நிலைபொருள்களைத் தம் நிறுவல் தட்டிலேயே சேர்க்க இசைந்தனர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அவ்வாறு அமைந்தது. தூய்மையைச் சற்றே விட்டுக்கொடுத்தார்கள் என்று குறைகூறுவோர் உண்டு. பெருநகரில் இரண்டு மூன்று இணைப்புகளோடு வாழ்பவர்களுக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியலாம்.

கேட்கிறவனின் பலத்தைப் பொறுத்தும் கதவு திறக்கிறது. கேரள அரசு பள்ளிகளுக்கென 2001 இல் தொடங்கிய கணினிக் கல்வித் திட்டத்தைக் காலப்போக்கில் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுக்குப் பக்கத்தில் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. ஓர் அரசாங்கம் இலட்சக்கணக்கில் வாங்கும்போது, எந்த அட்டை வேண்டும், அது எதில் ஓட வேண்டும் என்று நிபந்தனை விதிக்க முடியும். யாரோ பாவித்துக் கழித்த கணினியை அன்பளிப்பாகப் பெறும் வன்னிக் குடும்பத்துக்கு அந்தப் பலம் இல்லை. உள்ளே எந்த அட்டை இருக்கிறதோ அதுவே விதி. சுவருக்கு இருபுறமும் இருந்து இரவுகளைச் செலவிட்ட அந்தத் தொண்டர்களின் உழைப்பு, மற்றெவரையும்விட இத்தகையவர்களுக்கே கூடுதலாகப் பயன்படுகிறது.

விறாந்தைக்குத் திரும்புவோம். அந்த அட்டையைச் செய்த கம்பெனி எதுவென்பது இங்கு முக்கியமன்று. அதற்கான இயக்கி லினக்சின் உள்ளேயே இருந்தது. இல்லாதது, பரப்ப அனுமதிக்கப்படாத நிலைபொருள் மட்டுமே. அந்தப் பெண் முதலில் வேறு ஏதேதோ முயன்றாள். ஒரு மணித்தியாலம் வீணாயிற்று. பிறகு தன் கைத்தொலைபேசியை மின்னேற்றும் கம்பியாலேயே கணினியோடு இணைத்தாள். தொலைபேசியை லினக்ஸ் ஒரு வலை அட்டையாகவே ஏற்றுக்கொண்டது. அந்தக் கடன்பட்ட இணைப்பில் ஒரு புகைப்படத்தின் பருமனும் இல்லாத கோப்பை இறக்கினாள். உரிய இடத்தில் வைத்தாள். இயக்கியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினாள். அயல்வீட்டு ரூட்டரின் பெயர் திரையில் வந்தது.

"இவ்வளவுதானோ?" என்று கிழவர் கேட்டார்.

"இவ்வளவுதான் அம்மப்பா. ஆனா இதை ஆரோ முதல்ல கண்டுபிடிச்சு எழுதி வைக்க வேணுமே."

இறக்கிய கோப்பை ஒரு பென் டிரைவில் பிரதியெடுத்தாள். செய்த காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதினாள். அதே வகைக் கணினி இன்னொன்று இரண்டு வீடு தள்ளி, பையில் சுற்றி அலுமாரியின்மேல் கிடந்தது. மறுநாள் அதை எடுத்து வந்தார்கள். கொப்பியைப் பார்த்துப் பார்த்து அவளுடைய தம்பி செய்தான். அரை மணித்தியாலமும் ஆகவில்லை.